ஒரு கண்ணுக்கான ஜன்னல்

எடுத்த படம் பளிச்சென்று இருந்தது. எடுக்கும்போது பார்த்ததுதான் கலங்கலாக இருந்தது. சலோமிக்கு அது விளங்கவில்லை. கேமராவின் பின்பக்கத் திரையில், பாரதியார் ரோட்டில் நின்ற நாகூர் பஸ்ஸின் பலகை எழுத்துக்கு எழுத்து தெரிந்தது. கண்ணை வைத்துப் பார்க்கும் சின்ன ஜன்னலிலோ அதே பஸ் மழைத்தண்ணீர் வழியும் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் நிற்பதுபோல் இருந்தது.

"வேற லென்ஸ் மாட்டிக் குடுங்க தம்பி."

"இதோட மூணு மாத்தியாச்சுக்கா," என்றான் பழைய கேமராக் கடை வைத்திருக்கும் அஸ்ஃபாக். "புதுசா கத்துக்கறவங்களுக்கு மொதல்ல மாட்டுனேன்ல, அந்த பதினெட்டு-அம்பத்தஞ்சு லென்ஸ்தான் தோது. கிட்டக்கயும் எடுக்கலாம், கூட்டத்தையும் எடுக்கலாம்."

வாசலில் நின்ற அவள் கணவர் மார்ட்டின் சிரித்தார். "புடவக் கடையிலயும் இப்படித்தான் தம்பி. எல்லாத்தையும் பிரிக்கச் சொல்லிட்டு, கடைசில மொத எடுத்ததத்தான் வாங்குவா."

சலோமி சிரிக்கவில்லை. கோயில் திருவிழாவைப் படம் எடுக்கத்தான் கேமரா என்று அவரிடம் சொல்லியிருந்தாள். ஏன் இந்த வருஷமே வேண்டும் என்பதைச் சொல்லவில்லை. அவளுக்குச் சர்க்கரை இருந்தது. அவளுடைய அப்பாவின் பார்வை சர்க்கரையில்தான் போனது. கடைசியில் பிள்ளைகளைக் குரலை வைத்துத்தான் அடையாளம் கண்டார். வருஷா வருஷம் கண்ணைக் காட்டச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்தும் அவள் போகவில்லை. "காட்டிட்டேங்க, நல்லாருக்குன்னாங்க" என்று மார்ட்டினிடம் சொல்லி வைத்திருந்தாள். அதனால் கோளாறு லென்ஸில்தான் இருந்தாக வேண்டும்.

"லென்ஸ் மேல தப்பே இல்லக்கா." அஸ்ஃபாக் லென்ஸைக் கழற்றி உள்ளே காட்டினான். சாய்வாக ஒரு கண்ணாடி. லென்ஸ் வழியாக வரும் வெளிச்சத்தை அது மேலே திருப்பி அனுப்புகிறது; அங்கே ஒரு சொரசொரப்பான தகட்டில் படம் விழுகிறது. அதைத்தான் பின்னாலிருந்து ஒரு குட்டிக் கண்ணாடி வழியாக நாம் பார்க்கிறோம். பொத்தானை அழுத்தினால் சாய்வுக் கண்ணாடி விலகி, வெளிச்சம் நேரே பின்னால் போய்ப் பதிகிறது. படத்தின் தெளிவு லென்ஸின் பொறுப்பு. ஜன்னலின் தெளிவு அந்தக் குட்டிக் கண்ணாடியின் பொறுப்பு. அதன் ஓரத்தில் பல் வைத்த ஒரு சின்னச் சக்கரம் இருந்தது.

"முன்ன வச்சிருந்தவர் சோடாபுட்டி. அவர் கண்ணுக்குத் தக்கன இந்தச் சக்கரத்தத் திருப்பி வச்சிருக்காரு. நீங்க பஸ்ஸப் பாக்காதீங்க. உள்ள சின்னச் சின்னக் கட்டம் தெரியுதுல்ல, அது கூராகுற வரைக்கும் திருப்புங்க."

"இவ்ளோதானா!" சலோமிக்கு மூச்சே அப்போதுதான் வந்தது.

திருப்பினாள். கட்டங்கள் கொஞ்சம் தெளிந்தன. ஆனால் எதை நேராகப் பார்த்தாளோ, அது மட்டும் எண்ணெய்க் கை பட்டதுபோல் மங்கியது. பார்வையை அடுத்த கட்டத்துக்கு நகர்த்தினால் மங்கலும் கூடவே நகர்ந்தது. முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தாள். சக்கரத்தை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பினாள். கண்ணாடியில் அழுக்கு இருந்தால் அது இருந்த இடத்திலேயே அல்லவா இருக்க வேண்டும்?

இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது ஒன்றின் குறையை இன்னொன்று மூடிவிடும். ஆபீஸ் கம்ப்யூட்டரிலும், கோவில்பத்து வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸிலும் எவ்வளவு நாளாக ஒரே கண் இரண்டின் வேலையையும் பார்த்து வந்ததோ! கேமரா ஒரு கண்ணைத்தான் கேட்டது. வலது கண்ணைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தது இந்தக் கருவி ஒன்றுதான்.

கேமராவை இடது கண்ணுக்கு மாற்றினாள்.

"என்னடி, கண்ண மாத்துற?"

"வலதுல தெரியலங்க."

மார்ட்டினின் சிரிப்பு நின்றது. "போன மாசம்தானே கண்ணக் காட்டிட்டு வந்தேன்னு சொன்ன?"

அவள் கேமராவை இறக்கவில்லை. இறக்கினால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும் என்று நினைத்தாள். ஆனால் கேமரா வாசலைப் பார்த்து இருந்ததால் அந்த முகம் ஜன்னலுக்குள்தான் இருந்தது.

"இடதுலயும் பாக்கலாம்க்கா, எத்தனயோ பேர் அப்படித்தான்," என்றான் அஸ்ஃபாக் ஒன்றும் அறியாமல். "மூக்குதான் திரைல இடிக்கும். கொஞ்சம் சாச்சுக்கங்க."

சலோமி முகத்தைச் சாய்த்தாள். வலது கண்ணை மூடி, சக்கரத்தை இன்னும் இரண்டு பல் திருப்பினாள். கட்டங்கள் ஊசிமுனைபோல் கூராயின. இடது கண்ணால் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது, சிரிப்பு நின்றுபோன மார்ட்டினின் முகமும்.