ஒற்றைப்படைத் தேதியில் வடபுறம்

பாவடித் தெருவில் அந்த அறிவிப்பை ஒட்டியது வித்யாதான். நகராட்சி துப்புரவுப் பிரிவில் அவள் மேற்பார்வையாளர். ஐந்து தெருக்கள் அவள் பொறுப்பு. அதில் ஒன்று அவள் குடியிருக்கும் தெருவாகவே அமைந்துவிட்டது அவளுடைய கெட்ட நேரம்.

அறிவிப்பில் இருந்தது இவ்வளவுதான். மழைக்கு முன் சாக்கடை தூர்வாரப்படுவதால், ஒற்றைப்படைத் தேதிகளில் தெருவின் வடபுறமும் இரட்டைப்படைத் தேதிகளில் தென்புறமும் காலை ஏழு மணி முதல் மதியம் ஒரு மணி வரை வண்டிகள் நிறுத்தக் கூடாது. மீறினால் அபராதம். வண்டி அப்புறப்படுத்தப்படும்.

சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவே உள்ள அந்த ஊரில், ஒரு காலத்தில் வீட்டுக்கு ஒரு சைக்கிள் நின்ற தெரு அது. இப்போது வீட்டுக்கு ஒரு கார், இரண்டு பைக். அத்தனையும் சாக்கடை மூடிகளின் மேலேயே நின்றன. நகராட்சிக்கு இருந்த உறிஞ்சும் லாரியோ ஒன்றே ஒன்று. இருபத்தேழு வார்டுகளையும் அது சுற்றி வர வேண்டும். ஒரு தெருவுக்கு நாள் ஒதுக்கினால் ஒதுக்கியதுதான். தவறவிட்டால் மறுபடி எப்போது வரும் என்று லாரி ஓட்டும் அன்பரசுவுக்கே தெரியாது.

ஆகஸ்டு முப்பதாம் தேதி சாயங்காலம் வித்யா வீடு வீடாகப் போனாள். அறிவிப்பைப் படித்தவர்கள் மறந்திருந்தார்கள். படிக்காதவர்கள் புதிதாகக் கேட்டார்கள். "நாளைக்கி வடக்கால இருக்கற வண்டிய எல்லாம் எடுத்துருங்க" என்று பதினெட்டு வாசலில் சொல்லி முடித்தபோது அவளுக்குத் தொண்டை கரகரத்தது. பத்தொன்பதாவது வாசல் வேலுமணியுடையது. ஆறு விசைத்தறி போட்டிருப்பவர், தெருவில் கொஞ்சம் சத்தமாகப் பேசக்கூடிய ஆள். அன்று மெதுவாகத்தான் பேசினார்.

"எடுத்துர்றனுங்க அம்மிணி. எங்க காரு ஓடுற காரு, ஒரு நிமிசத்துல எடுத்துருவேன். ஓடாத வண்டி ஒண்ணு நிக்குதே, அதுக்கு என்ன பண்றீங்க?"

"அதையும் எடுத்துருவோமுங்ணா" என்றாள் வித்யா. சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது.

ஓடாத வண்டி அவள் வீட்டு வாசலில் நின்றது. குட்டியானை என்று எல்லாரும் சொல்லும் சின்ன லோடு வண்டி. அவள் புருஷன் சரவணக்குமார் பதினோரு வருஷம் அதை ஓட்டினான். இளம்பிள்ளையில் சேலைக் கட்டுகளை ஏற்றினால் குமாரபாளையம், ஈரோடு என்று இறக்கிவிட்டுத்தான் திரும்புவான். போன வருஷம் சர்க்கரை முற்றி இடது காலில் ஒரு புண் வந்தது. ஆறாமல் போய் மூன்று விரல்களை எடுத்தார்கள். மிச்சமிருந்த பாதத்தில் உணர்ச்சி இல்லை. கிளச்சை மிதித்தால் மிதித்தது தெரியாது. அன்றைக்கு நிறுத்திய வண்டி பதினான்கு மாதமாக நின்ற இடத்திலேயே நிற்கிறது. ஓட்டாத வண்டிதான் என்றாலும் சரவணக்குமார் தினமும் காலையில் கோலை ஊன்றி இறங்கி வந்து அதன் கண்ணாடியைத் துடைப்பான்.

மூன்று சாக்கடைகள் வந்து சேரும் தொட்டியின் மூடி அந்த வண்டிக்கு நேர் கீழே இருந்தது.

அன்று ராத்திரி சோறு போடும்போது வித்யா பேச்சை எடுத்தாள். "ஏனுங்க, நாளைக்கி லாரி வருது. நாலு ஆளு வெச்சு வண்டியத் தள்ளிப் பாவடில விட்டுரலாங்களா? சும்மா கெடக்கற மைதானந்தான்."

"சாவியக் காணோம்."

"காலைல தொடைக்கறப்ப கதவத் தெறந்தீங்களே."

சரவணக்குமார் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "என் வண்டில வேற எவனும் ஏறி உக்காரக் கூடாது."

சண்டை போட அவளுக்குத் தெம்பில்லை. நாலரை மணிக்கு எழுந்தவள். நாளைக்கும் நாலரைக்கு எழ வேண்டும். தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் படுத்தாள்.

முப்பத்தொன்றாம் தேதி லாரி சொன்ன நேரத்துக்கு வந்தது. தெருவும், அதிசயமாக, சொன்ன பேச்சைக் கேட்டிருந்தது. வேலுமணி ஏழு அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது காரை எடுத்தார். வடபுறம் முழுக்கக் காலி. குட்டியானை மட்டும் நின்றது.

அன்பரசு மேல்கோடியில் ஆரம்பித்து ஒவ்வொரு மூடியாகத் திறந்து உறிஞ்சிக்கொண்டே வந்தான். வண்டியிடம் வந்ததும் எஞ்சினை அணைத்துவிட்டுக் குனிந்து அடியில் பார்த்தான்.

"அக்கா, மெயின் தொட்டி இதுக்கடில இருக்குதுங்க. இத விட்டுட்டு மத்ததச் சுத்தம் பண்ணி ஒண்ணும் ஆவாது. யாரு வண்டிங்க இது? போனப் போட்டு வரச் சொல்லுங்க."

வித்யா தன் வீட்டு வாசலைப் பார்த்தாள். அவளோடு நின்ற துப்புரவுப் பணியாளர் இருவரும் வேறெங்கோ பார்த்தார்கள். அன்பரசுவுக்குப் புரிந்துவிட்டது. மேலே ஒன்றும் கேட்காமல் குழாயை இழுத்துக்கொண்டு வண்டியைத் தாண்டிப் போனான்.

வேலுமணி சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் சத்தம் போடவில்லை. போனை எடுத்து ஒரு போட்டோ பிடித்தார். பத்தே நிமிஷத்தில் அது வார்டு வாட்சப் குழுவில் வந்தது. காலியான தெரு, நடுவில் ஒரே ஒரு வண்டி. கீழே ஒரு வரி: 'சட்டம் மேற்பார்வையாளர் ஊட்டுக்குக் கிடையாதுங்களா?' மதியத்துக்குள் சுகாதார அலுவலர் கூப்பிட்டுவிட்டார். அவர் கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. "நீங்களே இப்படிப் பண்ணுனா நான் யாரைக் கேக்கறதும்மா?" என்று மட்டும் கேட்டு வைத்துவிட்டார்.

மழை சாயங்காலம் ஐந்தரைக்குப் பிடித்தது. ஆவணி மழைக்குத் தூறல் கிடையாது, எடுத்த எடுப்பிலேயே கொட்டும். மேல்கோடிச் சாக்கடைகள் அன்று காலையில்தான் சுத்தமாகியிருந்தன. தண்ணீர் தடையில்லாமல் பாய்ந்து வந்தது. வந்த வேகத்தில் குட்டியானைக்கு அடியிலிருந்த தொட்டியில் மோதி, போக வழியில்லாமல் மூடியின் இடுக்கு வழியாகப் பொங்கித் தெருவில் ஏறியது. பக்கத்து வீடு ஆராயியுடையது. சாலையை மேலே மேலே போட்டு உயர்த்தியதில் அவள் வீடு ஓரடி பள்ளத்துக்குப் போயிருந்தது. போன மழைக்கு வாசற்படியோடு நின்ற தண்ணீர், இந்த மழைக்கு அடுப்படி வரைக்கும் போனது.

சுத்தம் செய்ததால் வந்த கேடு. பாதி செய்தால் இப்படித்தான் ஆகும் என்று வித்யாவுக்குக் காலையிலேயே தெரியும்.

குடைகூட எடுக்காமல் ஓடினாள். ஆராயிக்கு அறுபத்தைந்து வயது, தனிக்கட்டை. அரிசி மூட்டையைக் கட்டில்மேல் ஏற்றிவிட்டு, குனிந்து சட்டியால் தண்ணீரை மொண்டு வெளியே ஊற்றிக்கொண்டிருந்தாள். அந்தத் தண்ணீர் கறுப்பாக இருந்தது, நாறியது. வித்யாவும் ஒரு வாளியை எடுத்துக்கொண்டாள். இரண்டு பேரும் ஒன்றரை மணி நேரம் இறைத்தார்கள்.

மழை விட்டதும் ஆராயி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். "நீ போ சாமி. போயி ஒடம்பக் கழுவிட்டுப் படு. காத்தால வேலைக்கிப் போவோணுமல்ல."

"பெரீம்மா, எங்க வண்டியாலதான்..."

"தெரியுமுடி. நான் பாக்காததா. அவனுக்குங் காலு போச்சு, பாவம். என்ன பண்றது."

திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பாள். அந்தப் 'பாவ'த்தைத்தான் தாங்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்தவள் குளிக்கவில்லை. ஈரச் சேலையோடு உட்கார்ந்து பையிலிருந்து நோட்டீஸ் புத்தகத்தை எடுத்தாள். உரிமையாளர் பெயர் என்ற இடத்தில் சரவணக்குமார் என்று எழுதினாள். வண்டி எண்ணை எழுதப் பார்க்க வேண்டியிருக்கவில்லை, மனப்பாடம். தாளைக் கிழித்து அவன் முன்னால் வைத்தாள்.

"எனக்கே நோட்டீசா?"

"ஆமாங்க. நாளைக்கும் வடக்குதான். எடுக்கலீன்னா நானே கிரேனு கூப்புட்டுத் தூக்கிருவேன்."

சரவணக்குமார் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஜன்னல் வழியே வண்டியின் கூரை தெரிந்தது.

"வண்டி வாசல்ல நிக்கற வரைக்கும், காலு செரியானதும் எடுப்பான்னு நாலு பேரு நெனப்பாங்க வித்யா. எடுத்துட்டா அதுவும் போச்சு."

"நாலு பேரு ஒண்ணும் நெனைக்கலீங்க. நீங்கதான் நெனைக்கறீங்க. நானும் நெனச்சேன், கொஞ்ச நாளு." அவள் நோட்டீஸ் புத்தகத்தைப் பைக்குள் வைத்தாள். "ஆராயி பெரீம்மா ஊட்டு அடுப்பு வரைக்கும் சாக்கட போயிருக்குது. நான் இப்பத்தான் எறச்சு ஊத்திட்டு வாரேன். என்னால இனி முடியாதுங்க."

அதற்குமேல் அவள் உட்காரவில்லை. அன்பரசுவுக்குப் போன் போட்டு, நாளைக்கு ஒரு மணி நேரம் மட்டும் வர முடியுமா என்று கெஞ்சினாள். பதினொரு மணிக்கு மேல் வருவதாக அவன் ஒப்புக்கொண்டான்.

விடிந்தால் செப்டம்பர் ஒன்று. நேற்று வடக்கென்றால் இன்று தெற்கு என்று தெரு முழுக்க நினைத்துக்கொண்டிருந்தது. கார்கள் எல்லாம் வடபுறத்துக்கே திரும்பி வந்து வரிசையாக நின்றன. வித்யா மறுபடியும் முதல் வாசலிலிருந்து ஆரம்பித்தாள்.

"நேத்து வடக்கு. இன்னிக்கும் வடக்கா? என்னங்க கணக்கு இது?"

"நேத்து முப்பத்தொண்ணு, இன்னிக்கி ஒண்ணு. ரெண்டுமே ஒத்தப்படைதானுங்களே."

"இத மொதல்லயே சொல்றதுக்கென்ன?"

பத்தொன்பது வாசலிலும் இதே பேச்சு. சிலர் சிரித்தார்கள், சிலர் முணுமுணுத்தார்கள். ஒருவர் கண்ணெதிரே கதவைச் சாத்தினார். அவள் வீட்டுக்குத் திரும்பியபோது மணி ஒன்பதரை. வாசலில் சரவணக்குமார் நின்றுகொண்டிருந்தான். ஒரு கையில் கோல், இன்னொரு கையில் சாவி.

"ஸ்டீரிங்க நாந்தான் புடிப்பேன்" என்றான். "தள்ளறதுக்குக் கிளச்சு வேணாம். பிரேக்கு வலது காலுதானே, அது நல்லாத்தானிருக்குது."

சொன்ன மாதிரி எளிதாக ஒன்றும் நடக்கவில்லை. நான்கு டயரிலும் காற்றில்லை. பஞ்சர் கடையிலிருந்து ஆளைக் கூட்டி வந்து அடித்ததில் மூன்று தேறியது, ஒன்று மறுபடி இறங்கிவிட்டது. ஹேண்ட் பிரேக் துருவேறி இறுகிப்போயிருந்தது. மெக்கானிக் ஒருவன் அடியில் படுத்து அரை மணி நேரம் தட்டி விடுவித்தான். சரவணக்குமார் அவ்வளவு நேரமும் சீட்டில் ஸ்டீரிங்கைப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வேர்வை அவன் சட்டையை நனைத்திருந்தது. வித்யா தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள். குடித்துவிட்டுச் சொம்பை நீட்டினான், அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

தள்ளுவதற்கு அவளும் இரண்டு பணியாளர்களும் மெக்கானிக்கும்தான் இருந்தார்கள். வண்டி அசையவில்லை. தன் வீட்டிலிருந்து வேலுமணி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி வந்தார். யாரிடமும் எதுவும் சொல்லாமல் பின்கதவில் கையை வைத்தார். அவருடைய தறியாட்கள் இரண்டு பேர் கூடவே வந்தார்கள். வண்டி ஒரு முனகலோடு நகர்ந்தது. தெருக்கோடிப் பாவடி வரைக்கும் நூறடிதான் இருக்கும். அதற்குள் மூன்று தடவை நின்று மூச்சு வாங்கினார்கள். திருப்பத்தில் சரவணக்குமார் ஒரு கல்லில்கூட இடிக்காமல் ஒடித்துத் திருப்பினான்.

லாரி வந்தது. மூடியைக் கடப்பாரையால் நெம்பித் திறந்தார்கள். உள்ளே குழாய் இறங்கவில்லை. அன்பரசு கொக்கி போட்டு இழுக்க, தலையணை தலையணையாக நூல் கழிவுதான் வந்தது. தறியிலிருந்து அறுத்துப் போடும் சிவப்பும் பச்சையுமான நூல், சேற்றில் ஊறிக் கயிறாக முறுக்கேறியிருந்தது. தெருவில் அத்தனை தறி ஓடுவது யார் வீட்டில் என்று எல்லாருக்கும் தெரியும். வேலுமணி கொஞ்ச நேரம் அந்தக் குவியலைப் பார்த்தார். பிறகு தறி ஓட்டப் போய்விட்டார். வித்யாவுக்கு ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

எல்லாம் முடிய ஒன்றரை ஆனது. சோற்றுப் போசியை எடுத்துக்கொண்டு பாவடிக்குப் போனாள். சரவணக்குமார் இன்னும் சீட்டிலேயே இருந்தான். அவள் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அந்த சீட். இரண்டு பேரும் ஒரே போசியில் சாப்பிட்டார்கள்.

"இளம்பிள்ளைல ஜீவானந்தம்னு ஒருத்தன், ரெண்டு தடவ கேட்டுட்டான்" என்றான் அவன். "வந்து பாக்கச் சொல்லட்டுமா?"

"உங்க இஷ்டமுங்க."

"இங்க கெடந்தா மழைல இத்துப்போயிரும்."

"ஆமாங்க."

வீட்டுக்குத் திரும்பி நடந்தபோது, குட்டியானை நின்ற இடத்தில் வேலுமணியின் கார் நின்றது. மணி இரண்டு. ஒரு மணிக்கு மேல் நிறுத்தலாம். நாளைக்கு இரண்டாம் தேதி, நாள் முழுக்க நிறுத்தலாம். வித்யா அறிவிப்பை மனசுக்குள் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தாள். அவரைக் குறை சொல்ல அதில் ஒரு வரிகூட இல்லை.

சாயங்காலம் மறுபடி மழை. வித்யா வாசலில் நின்று பார்த்தாள். தண்ணீர் தொட்டிக்குள் இறங்கிக் கடகடவென்று ஓடியது. ஆராயி தன் வாசற்படியில் நின்று, உள்ளே வரவில்லை என்று கையை ஆட்டிக் காட்டினாள். வித்யா தலையாட்டிவிட்டு உள்ளே வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். நாளைக்குத் தெற்குப் பக்கம். பதினாறு வாசல். எழுந்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே கண்ணை மூடினாள்.

அரைத் தூக்கத்தில் சரவணக்குமாரின் குரல் கேட்டது. யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தான்.

"தெக்குங்க. ஆமாங்க, நாளைக்கி ரெண்டாந் தேதியல்லங்க, அப்ப தெக்கால... இல்லீங்க, வடக்கு நேத்தும் இன்னிக்கும்... ஏழு மணிக்குள்ள எடுத்துருங்க... அவ தூங்கறாளுங்க, எழுப்பலீங்க. நாஞ் சொல்லிக்கறேன். செரிங்க."

போனை வைத்துவிட்டு அடுத்த நம்பரை அழுத்தினான்.