வண்டிக்குன்னா நிறுத்துறீங்க

எலியேசரின் பிக்கப்பை இரண்டு பேர் ஓட்டினார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். ஸ்டியரிங் அவர் கையில். டெம்பரேச்சர் முள் அவர் மனைவி யூனிஸின் கண்ணில்.

ராஜகீழ்ப்பாக்கத்தில் ஷாமியானா, நாற்காலி வாடகைக்கு விடும் தொழில் அவருக்கு. யூனிஸ் டீச்சர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் டெலிவரிக்குக் கூடவே வர ஆரம்பித்தாள். இத்தனை வருஷம் ஆளுக்கொரு திசையில் ஓடியவர்களுக்கு இப்போதுதான் பக்கத்தில் உட்கார்ந்து கதை பேச வாய்த்திருந்தது. மனுஷனுக்கு அது அவ்வளவு பிடித்திருந்தது. ஆனால் வாயைத் திறந்து சொல்லிவிடுவாரா என்ன?

முள்தான் இடைஞ்சல். கிளம்பும்போது குளிர்ச்சியைக் காட்டும் C-யில் படுத்திருக்கும். இன்ஜின் சூடேறியதும் நடுவுக்கு வந்து நிற்கும். அங்கே நின்றால் வண்டி நன்றாக இருக்கிறது என்று அர்த்தம், சூடு மிஞ்சியதைக் காட்டும் H பக்கம் போனால்தான் பயப்பட வேண்டும் என்று அவர் தலைகீழாக நின்று விளக்கியிருக்கிறார். அவளும் சமர்த்தாகத் தலையாட்டுவாள். முள் பாதிக்கு வந்து கொஞ்ச தூரம் போனதும், "என்னங்க, ஏறுது, ஓரமா நிறுத்துங்க" என்பாள். முணுமுணுத்துக்கொண்டே நிறுத்துவார். இறங்கி, டீ குடித்து, இன்ஜின் ஆறும்வரை நிழலில் உட்கார்ந்துவிட்டுக் கிளம்புவார்கள்.

மாடம்பாக்கத்துக்குப் போன ஒருநாள் அவர் பிடிவாதமாக நிறுத்தவில்லை. அவள் முகம் வெளுத்து, வீடு திரும்பும்வரை பேசவே இல்லை. இனி நீங்களே போய்க்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடுவாளோ என்று அவருக்குப் பயம் வந்துவிட்டது. பக்கத்து சீட் காலியாகக் கிடப்பதை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

நேராக மெக்கானிக் அன்புவிடம் போய், இன்ஜின் சூட்டைக் குறையாமல் பிடித்துவைக்கும் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிவிடு, முள் மேலே வரவே கூடாது என்றார்.

"இன்னா சார், நல்லா கீற வண்டிய ஏன் கெடுக்கிற? இன்ஜினுக்கும் சூடு வோணும். சில்லுனே ஓடினா டீசலக் குடிக்கும், சீக்கிரமா தேய்ஞ்சும் பூடும்."

தெரியும், கழற்று என்றார். அன்பு தலையில் அடித்துக்கொண்டு கழற்றினான்.

அடுத்த சவாரி குன்றத்தூருக்கு. முள் அடியிலேயே கிடந்தது. எங்கும் நிறுத்தாமல் ஒரே ஓட்டமாகப் போய்ச் சேர்ந்தார். யூனிஸ் சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால், வழியெல்லாம் முள்ளையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு வந்தாள். அவர் வியர்த்து விறுவிறுத்து இறங்கியபோது, அவள் கை அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டது.

திரும்பும் வழியில், முள் ரிப்பேர், அன்புவிடம் காட்டுங்கள் என்று நச்சரிக்கத் தொடங்கினாள். பொறுக்க முடியாமல் அவர் உண்மையைச் சொன்னார். நீ பயப்படக் கூடாது என்றுதான் செய்தேன் என்றார், கொஞ்சம் பெருமையாகவே.

"பாதியில நின்னா நல்லதுன்னு எனக்குத் தெரியாதா?" என்றாள் யூனிஸ். "நீங்க முதல் தடவை சொன்னப்பவே புரிஞ்சுது."

"அப்புறம் எதுக்கு நிறுத்தச் சொன்னே?"

"உங்க ஹார்ட்ல ஸ்டென்ட் வச்ச டாக்டர் ஒரே மூச்சா வண்டி ஓட்டாதீங்கன்னு சொன்னாரு. ரெஸ்ட் எடுங்கன்னு நான் சொன்னா எரிஞ்சு விழறீங்க. உங்களுக்குன்னா நிறுத்த மாட்டீங்க, வண்டிக்குன்னா நிறுத்துறீங்க. அதான்." அடியில் கிடந்த முள்ளைக் காட்டினாள். "அதையும் கழட்டிப் போட்டுட்டீங்க."

இவ்வளவு நாளும் அவளுடைய பயத்துக்குத் தான் விட்டுக்கொடுப்பதாக அல்லவா எலியேசர் நினைத்துக்கொண்டிருந்தார். கொஞ்ச தூரம் போய், இண்டிகேட்டர் போட்டு, ஒரு வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தினார்.

யூனிஸ் பதறிப்போய் அவர் பக்கம் திரும்பினாள். "என்ன ஆச்சு? முள்ளு ஏறவே இல்லையே?"

"ஏறல," என்றார் எலியேசர், சாவியைத் திருப்பிக்கொண்டே. "எனக்குத்தான் களைப்பா இருக்கு. கொஞ்ச நேரம் உட்காரலாம், வா."