உதிராத மாவிலைகள்

காளை அண்ணனின் கை உருளைகளுக்கு நடுவே போய் நாற்பத்தொன்பது மணி நேரம் ஆகியிருந்தது. ரப்பர் பிசையும் அந்த எந்திரத்தின் மேல் ஆயுத பூஜைக்குக் கட்டிய மாவிலைத் தோரணம் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. இலைகள் காய்ந்து பழுப்பேறி ஓரம் சுருண்டிருந்தன. எண்ணிப் பார்த்தேன். முப்பத்தெட்டு. அவற்றில் முப்பத்துநான்கு முழுசாக இருந்தன. காளை அண்ணன் நிற்கும் இடத்துக்கு நேர் மேலே இருந்த நான்கு மட்டும் நொறுங்கிப்போய், காம்புகள்தான் மிஞ்சியிருந்தன.

தோரணத்தை எமர்ஜென்சி கயிற்றில்தான் கட்டியிருந்தார்கள். உருளைகளுக்கு மேலே, கை எட்டும் உயரத்தில், எந்திரத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை போகும் கயிறு அது. எங்கே பிடித்து இழுத்தாலும் உருளைகள் நின்று, கொஞ்சம் பின்னால் சுற்றி, கவ்வியதை விட்டுவிடும். தோரணம் கட்ட அந்தக் கூடத்தில் அதைவிடத் தோதான இடம் கிடையாது. வருடா வருடம் அதில்தான் கட்டுவார்கள். பூஜை முடிந்தும் அவிழ்ப்பதில்லை. தானாக உதிரட்டும் என்று விட்டுவிடுவார்கள். சந்தனம் குங்குமம் வைத்ததைக் கையால் பிய்க்க யாருக்கும் மனம் வராது.

வாடிப்பட்டியைத் தாண்டி, திண்டுக்கல் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் தொழிற்சாலை. நான் வேதியியல் படித்தவள். பிசைந்த ரப்பரில் துண்டு வெட்டி எடுத்து அதன் கடினத்தை அளந்து எழுதுவது என் வேலை. கூடவே, காலை ஷிப்டு தொடங்குமுன் பாதுகாப்புச் சோதனைத் தாளை நிரப்ப வேண்டும். அதில் பதினான்கு வரிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு டிக், கடைசியில் என் கையெழுத்து. ஆறாவது வரி எமர்ஜென்சி கயிறு. ஆண்கள் கூட்டமாக நிற்கும் இடத்துக்குப் போய் இதைச் செய்யுங்கள், அதை நிறுத்துங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. காகிதத்தோடு இருப்பதுதான் எனக்குச் சுலபம்.

விபத்துக்குப் பிறகு எந்திரத்தை ஓட்டவில்லை. கூடத்தில் யாரும் இல்லை. கயிறு முடியும் தூணருகே மறுபடியும் உட்கார்ந்து பார்த்தேன். தூணின் பச்சைப் பெயின்ட்டில் இரண்டு கோடுகள் சுரண்டியிருந்தன. உள்ளே இரும்பு புதிதாகப் பளபளத்தது. கயிற்றைத் தூணோடு சேர்த்துக் கட்டுக்கம்பி முறுக்கிய தடம் மாதிரி இருந்தது. அப்படிக் கட்டினால் கயிற்றை இழுத்தாலும் உருளைகள் நிற்காது. பூஜை அன்று தோரணத்தின் கனத்தில் கயிறு தாழ்ந்து எந்திரம் நின்று நின்று போனதும், யாரோ ஓடிப்போய் எதையோ செய்து சரிசெய்ததும் நினைவுக்கு வந்தன. நான் அப்போது பொரி வாங்க வரிசையில் நின்றிருந்தேன். யார் என்று பார்க்கவில்லை. கம்பி இப்போது அங்கே இல்லை. கட்டியவர்தான் அவிழ்த்தாரா, வேறு யாராவதா, எப்போது என்பதும் தெரியவில்லை. இரண்டு நாட்களாக, எதிரே வருகிற எல்லோருடைய கையையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காளை அண்ணன் நிற்கும் இடத்தில் கீழே கிடந்த இலைத் தூளைப் பொறுக்கி, லேபில் செய்வதுபோல வடிதாளில் மடித்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன்.

"என்ன பாப்பா, தரையில என்னத்தத் தேடுற?"

தங்கப்பொண்ணு அக்கா நின்றிருந்தார். பிசிறு வெட்டும் பிரிவில் இருப்பவர். பாதுகாப்புக் கமிட்டியில் யூனியன் ஆள். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை.

"பேனா விழுந்துருச்சுக்கா."

"பேனா காதுலல்ல இருக்கு" என்றார். சிரிக்கவில்லை. "காளையப் பாத்துட்டு வாரேன். மூணு வெரலு போச்சு. 'கயித்த இழுத்தேன்க்கா, தொங்கிக்கூடப் பாத்தேன், வரலக்கா'ங்குறான். அதையே திருப்பித் திருப்பிச் சொல்றான். இங்கிட்டு வந்தா, அவன் போனு பேசிக்கிட்டு நின்னான்ங்குறாக."

கோட்டுப் பையை உள்ளங்கையால் மூடிக்கொண்டேன்.

"மூணு மணிக்கு விசாரணை. ஒன்னையும் கூப்புடுவாக" என்று சொல்லிவிட்டு, தோரணத்தை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனார். நான் எண்ணியதை அவரும் எண்ணினாரா என்று தெரியவில்லை.

அவர்மீது எனக்குப் பழைய கசப்பு ஒன்று உண்டு. நான் வேலைக்குச் சேர்வதற்குச் சில வருடங்களுக்கு முன்பு, ஒரு பெண்ணின் சேலைத் தலைப்பை வேறொரு எந்திரம் இழுத்துக்கொண்டது. அந்தப் பெண் பிழைக்கவில்லை. அன்றைய சோதனைத் தாளில் எல்லாம் சரி என்று டிக் இருந்ததாம். யூனியன்காரர்கள் நான்கு நாட்கள் வெளியே உட்கார்ந்தார்கள். அதன் பிறகுதான் தாளில் இரண்டாவது கையெழுத்துக் கட்டம் வந்தது. லேப் ஆளும் எந்திரத்தில் நிற்பவரும் சேர்ந்து சோதித்து, இருவரும் போட வேண்டும். போன வருடம் புதிதாக அச்சடித்த தாளில் அந்தக் கட்டத்தைக் காணோம். திரும்பக் கொண்டுவரச் சொல்லி யூனியனில் மூன்று கடிதம் கொடுத்தார்கள். எனக்கு அப்போது முகம் சுண்டிப்போனது. என் கையெழுத்து போதாதா? நான் பொய் எழுதுகிறேன் என்கிறார்களா? தங்கப்பொண்ணு அக்கா பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "ஒன்னைய நம்பாம இல்ல பாப்பா. ஒத்த ஆளு தலையில இம்புட்டையும் வைக்கக் கூடாதுங்குறோம்" என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஆனையூரில் இறங்கும்வரை திரும்பவில்லை.

நேற்று மேலாளர் செல்வக்குமார் சார் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். இரண்டு வருடத்தில் அந்த அறையில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. டீ வந்தது. மேசையில் என் சோதனைத் தாள்கள் தேதிவாரியாக அடுக்கியிருந்தன.

"நீட்டா எழுதிருக்கம்மா. ஒரு நாள்கூட விட்டுப்போகல. இந்த டிக்குதான் நம்மளக் காப்பாத்தப் போகுது."

நம்மை என்றால் யாரை என்று கேட்கத் தோன்றியது. டீயைக் குடித்தேன்.

"கயிறு வேலை செஞ்சுச்சு. அவன் இழுக்கல. கவனக்குறைவு. அம்புட்டுத்தான் கதை. யூனியன்ல ஒன்னையக் கொடைவாங்க. தாள்ல இருக்கறது சரின்னு மட்டும் சொல்லு, போதும். ஒன்னைய நிரந்தரமாக்கச் சொல்லி நானும் எழுதிக்கிட்டுருக்கேன்."

கடைசி வரியைச் சொல்லும்போது அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நல்லவர்தான் என்று நினைத்தேன். எழுந்து வரும்போது, டீயில் ஏன் இவ்வளவு சர்க்கரை என்றும் நினைத்தேன்.

இன்று சாப்பாட்டு நேரம் முடிந்து கூடத்துக்குப் போனால் தோரணம் இல்லை. தரையைக் கூட்டித் தண்ணீர் விட்டுத் துடைத்திருந்தார்கள். தூணில் பச்சைப் பெயின்ட் ஈரமாக இருந்தது. கமிட்டியில் இருக்கிற ஆறு பேரும் எந்திரத்தைச் சுற்றி நிற்க, செல்வக்குமார் சார் ஓட்டச் சொன்னார். பிறகு அவரே கயிற்றை இழுத்தார். உருளைகள் சட்டென நின்று பின்னால் சுற்றின.

"பாத்துக்கங்க. எல்லாரும் பாத்துக்கங்க" என்றார்.

தங்கப்பொண்ணு அக்கா கயிற்றைப் பார்க்கவில்லை. ஈரத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாவிலையை யார் எடுத்தது என்று கேட்டார்.

"காஞ்சு போச்சு, எடுத்துட்டாங்க. அதுக்கும் யூனியன்ல லெட்டர் குடுக்கணுமா?" என்றார் சார். இரண்டு பேர் சிரித்தார்கள்.

மூன்று மணிக்கு அலுவலக அறையில் உட்கார்ந்தோம். காளை அண்ணன் சொன்னதைத் தங்கப்பொண்ணு அக்கா எழுதி வாங்கி வந்திருந்தார். கீழே இடது கைப் பெருவிரல் ரேகை. அண்ணன் கையெழுத்துப் போடத் தெரிந்தவர். போடுகிற கைதான் கட்டுக்குள் இருந்தது. அக்கா எழுத்துக் கூட்டி மெதுவாக வாசித்தார். சார் என் தாளை மேசை நடுவே தள்ளினார்.

"செவ்வாய்க்கிழமை காலையில ஏழே முக்கால். ஆறாவது வரி. டிக் இருக்கு, கையெழுத்து இருக்கு. இவுக படிச்ச புள்ள. இவுகளுக்கும் காளைக்கும் என்ன பகை?"

அவர் சொன்னது சரி. எந்தப் பகையும் இல்லை. போன மாதம் ரப்பர்த் துண்டு சூடாக இருக்கிறதென்று தன் கையுறையைக் கழற்றிக் கொடுத்தவர் காளை அண்ணன். இந்த ஒரு டிக்கில் அவர் பொய்யராகிறார். வேலை போய்விடும். நாளைக் காலை அதே இடத்தில் வேறொருவர் நிற்பார். ஏழே முக்காலுக்கு நான் தாளோடு போவேன்.

"பாப்பாட்ட ஒண்ணு கேக்கலாமா சார்?" என்றார் தங்கப்பொண்ணு அக்கா.

"கேளுங்க. மெரட்டாதீங்க."

"நான் என்னத்த மெரட்டப் போறேன்." என் பக்கம் திரும்பினார். குரலில் கோபம் இல்லை. அதனாலேயே எனக்குப் பயமாக இருந்தது. "பூச முடிஞ்சு இருபத்தொரு நாளு வேலை நடந்துருக்கு. தெனமும் கயித்த இழுத்துப் பாத்தேன்னு போட்டுருக்க. இழுக்கையில இலை உதிர்ந்துச்சா பாப்பா?"

ஆமாம் என்றால் முடிந்துவிடும். இலைகள் இப்போது எந்தக் குப்பையிலோ கிடக்கும், யாரும் தேடப் போவதில்லை. தெரிந்துதான் கேட்கிறாரா, என்னை மாட்டிவிடப் பார்க்கிறாரா என்று அவர் முகத்தில் தேடினேன். ஒன்றும் கிடைக்கவில்லை. செல்வக்குமார் சார் பேனாவின் மூடியைக் கழற்றி, மாட்டி, கழற்றிக்கொண்டிருந்தார். அவர் விரல் நுனியில் பச்சையாக ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை.

கோட்டுப் பையில் இருந்த வடிதாளை எடுத்து மேசையில் வைத்துப் பிரித்தேன். விசிறிக் காற்றில் பழுப்புத் தூள் கொஞ்சம் பறந்து என் கையெழுத்தின் மேல் விழுந்தது.

"இது காளை அண்ணன் நிக்கிற எடத்துல கெடந்துச்சு. அங்க மட்டுந்தான் நாலு இலை நொறுங்கிருந்துச்சு. காலையில எண்ணுனேன். மத்த முப்பத்துநாலும் முழுசா இருந்துச்சு."

"அதுனால?" என்றார் சார்.

பதில் சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. தங்கப்பொண்ணு அக்கா எழுந்து போய் விசிறியை நிறுத்தினார். இறக்கைகள் சுற்றி நிற்கும்வரை எல்லோரும் காத்திருந்தார்கள். மறுபடியும் சொன்னேன்.

"அந்தக் கயித்த நான் ஒரு நாளும் இழுத்துப் பாக்கல."