மூன்றாம் மேசை உருளைக்கிழங்கு

அமெரிக்காவில், அயோவாவின் ஒரு சிற்றூரில் ஞாயிறு மதியம் என்றால் ஒட்டிலிக்குத் தலை சொறியக்கூட நேரமிருக்காது. முப்பது வருடமாக அவள் அண்ணன் நடத்திய உணவகத்துச் சமையலறை அவள் கையில். நீண்ட மேசைகளில் தெரிந்தவர் தெரியாதவர் எல்லாரும் ஒன்றாக உட்காருவார்கள். உருளைக்கிழங்கு, புளிக்கவைத்த முட்டைக்கோஸ், பன்றி வறுவல் எல்லாம் பெரிய கிண்ணங்களில் கைமாறும். ஒன்று தீர்ந்தால் அடுத்தது தானாக வந்துவிட வேண்டும். காலிக் கிண்ணம் மேசையில் கிடந்தால் அந்த ஊரில் அது மானக்கேடு.

அண்ணன் கண்ணை மூடியதும் கடை அவர் மகன் கர்ட்டிடம் வந்தது. அவனுக்கு என்ன பேய் பிடித்ததோ, அன்று காலை ஓர் உத்தரவு போட்டான்: மேசைக்கு ஒரே தடவைதான் கிண்ணம்.

பன்னிரண்டரைக்கெல்லாம் மூன்றாம் மேசையில் உருளைக்கிழங்கு தீர்ந்தது. ஒட்டிலி இன்னொரு கிண்ணத்தை நிரப்பித் தூக்கினாள். கர்ட் வாசலை மறித்தான்.

"அத்தை, காலைல என்ன சொன்னேன்?"

"சொன்ன. இந்தக் காதுல வாங்கி அந்தக் காதுல விட்டுட்டேன். தள்ளு, ஆறிப்போகுது."

"இது வெளிய போச்சுன்னா, நாளைலேர்ந்து நீங்க வர வேணாம்."

ஒட்டிலி பிள்ளைகுட்டி இல்லாதவள். இந்த அடுப்படியை விட்டால் அவளுக்குப் போக்கிடம் ஏது? ஆனால் இந்தப் பொடியன் மிரட்டி அவள் பணிவதா!

"நாளைக்கு என்னடா, இப்பவே போறேன்!" கிண்ணத்தை அவன் கையில் திணித்தாள். ஏப்ரனைக் கழற்றி எறிந்தாள். நேராகக் கூடத்துக்குப் போய், மூன்றாம் மேசையில் ஒரு டிராக்டர் வியாபாரியை நகரச் சொல்லி உட்கார்ந்தாள்.

"கர்ட்டு! இப்ப நான் விருந்தாளி. எங்க மேசையில கிண்ணம் காலியாக் கிடக்கு. உங்கப்பன் காலத்துல இந்தக் கூத்து நடந்ததில்லடா!"

பரிமாறுகிற ஃப்ரீடா ஒரு நிமிஷம் யோசித்தாள். பிறகு தானும் ஏப்ரனை அவிழ்த்துவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தாள். பரிமாறுகிற மற்ற மூன்று பெண்களும் பின்னாலேயே வந்தார்கள். சாப்பிட வந்திருந்த அறுபது பேரும் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சமையலறை வாசலைப் பார்த்தார்கள்.

கர்ட்டின் முகம் செக்கச் செவேலென்று ஆனது. பரிமாற வேறு ஆளில்லை. அவனே நடந்து வந்து கிண்ணத்தை அவள் முன் வைத்தான்.

"போதுமா?"

"அதைச் சாப்பிடுறவங்க சொல்லணும், நீ கேக்கக் கூடாது. போ, அஞ்சாம் மேசையில முட்டைக்கோஸ் தீர்ந்துபோச்சு."