பன்னிரண்டு அடி வால்நட்சத்திரம்

வால்நட்சத்திரம் தெரிய ஆரம்பித்த நாலாவது நாள், அண்ணிக்கும் கொழுந்தனுக்கும் பேச்சு நின்றுபோனது. அதற்கு முன்னாலும் அந்த வீட்டில் பாலும் தேனும் ஓடவில்லை.

அண்ணி ஒரு பெரிய அச்சகத்தில் வேலை பார்த்தாள். சுவர் அளவுப் படங்களும் விளம்பரத் தட்டிகளும் அடிக்கும் இடம். வாடிக்கையாளர் அனுப்பும் படத்தைத் திரையில் திறந்து, நிறம் பார்த்து, கேட்ட அளவுக்குப் படம் தாங்குமா என்று சோதித்து மெஷினுக்கு அனுப்புவது அவள் வேலை. பதினோரு வருடம் அடுத்தவர் படங்களையே பார்த்துச் சலித்தவள், தனக்கென்று ஒரு பழைய கேமரா வாங்கினாள். மனிதர்களை எடுக்க அவளுக்குப் பிடிக்காது. அவர்களைச் சிரிக்கச் சொல்ல வேண்டும். வானத்திடம் அந்தத் தொல்லை இல்லை.

கொழுந்தன் அவள் கணவனின் ஒரே தம்பி. அதே வீட்டின் மூன்றாவது அறையில் இருந்தான். கைபேசிக் கடையில் விற்பனையாளன். காக்கா வெள்ளை என்று சொல்லி அதற்கு உறையும் சேர்த்து விற்றுவிடுவான். கணவன் லிஃப்ட் மெக்கானிக். பகலெல்லாம் ஊராரை ஏற்றி இறக்கிவிட்டு வருவதால், வீட்டில் யார் குரலும் ஏறக் கூடாது என்பது மட்டுமே அவனுக்கு வேண்டியிருந்தது.

வால்நட்சத்திரம் மேற்கே, சூரியன் மறைந்த பிறகு முக்கால் மணி நேரம்தான் தெரியும். வெறும் கண்ணுக்குப் பிய்த்துப் போட்ட பஞ்சு மாதிரி இருக்கும். அன்று குடியிருப்பே மொட்டைமாடியில் கூடியிருந்தது. அண்ணி ட்ரைபாடை ஊன்றி, லென்ஸை மயிரிழை மயிரிழையாகத் திருப்பிக் கூர்மை பார்த்து, எடுக்கத் தொடங்கியிருந்தாள். ஒவ்வொன்றும் பத்து நொடியாக அறுபது படம் வேண்டும். அவற்றைக் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால்தான் வால் முழுசாக வெளியே வரும்.

கொழுந்தன் வந்தான். தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் கைபேசியைச் சாய்த்தான். அது சரியாமல் இருக்க ஒரு செருப்பை அண்டை கொடுத்தான். மூன்று நிமிடம் கழித்து எடுத்துப் பார்த்தவன் கத்தினான்.

“தையல்காரம்மா, இங்க வாங்க! எல்லாரும் வாங்க!”

திரையில் பச்சைத் தலையும் நீண்ட வாலுமாக வால்நட்சத்திரம் மின்னியது. கூட்டம் அவனைச் சுற்றிக்கொண்டது. கீழ்த்தளத்துத் தையல்காரம்மா அண்ணியின் பக்கம் திரும்பினாள்.

“உங்க படம் எங்கம்மா?”

“இன்னும் முடியல.”

“ஓ, இன்னும் வேகணுமா?”

எல்லோரும் சிரித்தார்கள். கொழுந்தனுக்கு உற்சாகம் தலைக்கேறியது. “அண்ணி, இந்தப் பீரங்கியை வச்சு எந்தக் கோட்டையைப் பிடிக்கப் போறீங்க? மூணு நிமிஷம், ஒரு செருப்பு. வேலை முடிஞ்சுது.”

சொல்லிக்கொண்டே கைபேசியைத் தூக்கிப் பிடித்து நேராக அவள் லென்ஸுக்கு முன்னால் வந்து நின்றான்.

“தம்பி, தள்ளி நில்லு. வெளிச்சம் அடிக்குது.”

“ஒரு போன் வெளிச்சத்தைக்கூடத் தாங்காதா உங்க கேமரா?”

“தள்ளுடான்னா தள்ளணும்.”

அவனை அவள் ‘டா’ போட்டது அதுவே முதல் தடவை. சிரிப்பு நின்றது. அவன் முகம் சிவந்தது.

“நாலு பேர் முன்னாடி மரியாதையா பேசுங்க. வீட்டுல ஒரு குழந்தை இருந்திருந்தா இதுக்கெல்லாம் உங்களுக்கு நேரம் இருந்திருக்குமா?”

நாலு வருடம் மருத்துவமனை மருத்துவமனையாக ஏறி இறங்கி, கடைசியில் போதும் என்று கணவனும் மனைவியும் சேர்ந்து எடுத்த முடிவு அது. அந்த வீட்டில் அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. தையல்காரம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அண்ணி ட்ரைபாடை மடக்கினாள், கேமராவைப் பையில் வைத்தாள், இறங்கிப் போனாள். பதினெட்டுப் படம்தான் எடுத்திருந்தாள். கணவனிடம் எதுவும் சொல்லவில்லை.

மறுநாள் அச்சகத்திலிருந்து வீட்டுக்கு வராமல், ஊருக்கு வெளியே பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் இருந்த வெட்டவெளிக்குப் போய் அறுபது படத்தையும் எடுத்து முடித்தாள்.

கொழுந்தன் தன் படத்தைக் கடை மேனேஜரிடம் காட்டியிருந்தான். மேனேஜருக்கு யோசனை பிறந்தது. அடுத்த வாரம் அந்தப் படம் அண்ணியின் மேஜைக்கு வந்தது. கடைக்குள், விற்பனை மேஜைக்குப் பின்சுவரில் ஒட்ட வேண்டும். பன்னிரண்டு அடி அகலம், ஏழு அடி உயரம்.

அவள் திறந்து பெரிதாக்கினாள். உள்ளங்கை அளவில் ஊரையே மயக்கிய படம், கிட்டத்தில் வேறு முகம் காட்டியது. வானத்தைச் சுண்ணாம்பு அடித்த மாதிரி கைபேசி மழமழவென்று பூசியிருந்தது. நட்சத்திரங்கள் நெளிந்த புழுக்களாகக் கிடந்தன. வாலின் ஓரம் கத்தரிக்கோலால் வெட்டியதுபோல் முடிந்தது. தள்ளி நின்று பார்த்தால் தெரியாது. ஆனால் அந்த மேஜைக்கு முன்னால் நிற்பவருக்கும் சுவருக்கும் நடுவே ஐந்தடிகூட இருக்காது.

இப்படி ஒரு படம் வந்தால் வாடிக்கையாளரைக் கூப்பிட்டு, “இந்த அளவுக்குத் தாங்காதுங்க, சின்னதா வச்சுக்கலாம், இல்லேன்னா வேற அனுப்புங்க” என்று சொல்ல வேண்டும். வாரத்துக்கு நாலு பேரிடம் அவள் அப்படிச் சொல்வாள். அன்று தொலைபேசியைத் தொடவில்லை. படிவத்தில் ‘சரிபார்த்தாயிற்று’ என்ற கட்டத்தில் கையெழுத்துப் போட்டு மெஷினுக்கு அனுப்பினாள். மதியம் வழக்கம்போல் சாப்பிட்டாள்.

சுவரில் ஒட்டிய அன்று காலை கடை ஊழியர் அத்தனை பேரும் கூடியிருந்தார்கள். மேனேஜர் துணியை விலக்கினார். முதலில் கைதட்டல். பிறகு கணக்காளர் பெண் கிட்டே போய்ப் பார்த்துவிட்டு, “என்ன சார், சுவர்ல பூஞ்சை பிடிச்ச மாதிரி இருக்கு?” என்றாள். இன்னொருவன், “மருந்து அடிச்சாத்தான் போகும்” என்றான். அன்று முழுக்க யார் கொழுந்தனைக் கடந்து போனாலும் கையில் மருந்து அடிக்கும் பாவனை காட்டினார்கள். மேனேஜர் எல்லோருக்கும் கேட்கும்படி, “உன்னை நம்பினேன் பாரு, என்னைச் சொல்லணும்” என்றார்.

மறுநாள் மேனேஜர் அச்சகத்துக்கே வந்து குதித்தார். முதலாளியம்மா அண்ணியைக் கூப்பிட்டாள்.

“நீ பார்த்தியா, பார்க்கலையா?”

“பார்த்தேன். குடுத்ததை அடிச்சேன்.”

முதலாளியம்மா படிவத்தில் இருந்த அவள் கையெழுத்தைப் பார்த்தாள். பிறகு மேனேஜரைச் சமாதானப்படுத்தும் அவசரத்தில், “நீ எடுத்த வால்நட்சத்திரத்தை அன்னைக்குக் காட்டினியே, அது தாங்குமா?” என்று கேட்டாள்.

“இதைவிட ரெண்டு மடங்கு பெருசா அடிச்சாலும் தாங்கும்.”

அந்த நிமிடம் அவளுக்கு இனித்தது. தன் படத்தைத் தானே எடுத்துக் கொடுத்தாள். கொழுந்தன் தினமும் எட்டு மணி நேரம் அதன் அடியில் நிற்கப் போகிறான் என்ற நினைப்பு ஒன்றே போதுமாக இருந்தது. எழுத்து கோப்பதும் ஒட்டுவதும் வேறு பிரிவு. படத்தோடு என்ன எழுத்து வருகிறது என்று அவள் விசாரிக்கவில்லை.

சனிக்கிழமை பார்க்கப் போனாள். சுவர் முழுக்க அவள் வால்நட்சத்திரம். ஊசிமுனை நட்சத்திரங்கள், புகைபோல் விரிந்து கரையும் வால். ஒரு குறை சொல்ல முடியாது. அதன் கீழே முழ நீள எழுத்தில் இருந்தது: “எங்கள் போனில் எடுத்தது. இனி கேமரா எதற்கு?”

அடியில் கொழுந்தன் ஒரு தம்பதியிடம் பேசிக்கொண்டிருந்தான். “நானே எடுத்ததுங்க. மூணே நிமிஷம்.”

அவள் நேராகப் போய் மேஜையில் கையை ஊன்றினாள். “பொய். அது நான் எடுத்தது. கேமராவுல எடுத்தது. அறுபது படம்.”

வந்திருந்த பெண் அவனைப் பார்த்தாள். “இவங்க சொல்றது நிஜமா?”

மேனேஜர் கண்ணாடி அறைக்குள்ளிருந்து எழுந்து நிற்பது தெரிந்தது. கொழுந்தன் அண்ணியின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, “இவங்க யாருன்னே எனக்குத் தெரியாதுங்க” என்றான்.

அந்தப் பெண்ணின் கணவன் அலுத்துக்கொண்டான். “யார் எடுத்தா நமக்கென்ன? சார்ஜ் எவ்வளவு நேரம் நிக்கும், அதைச் சொல்லுப்பா.”

வாசல் காவலாளி வந்து, “வாங்கம்மா, வெளியே பேசிக்கலாம்” என்றான். அவள் நடந்து வெளியே வந்தாள். பின்னால் கொழுந்தன் சார்ஜ் பற்றி விளக்கத் தொடங்கியிருந்தான்.

நேராக அச்சகத்துக்குப் போய் அந்த எழுத்தை எடுக்கச் சொன்னாள். முதலாளியம்மா அசையவில்லை. “படத்தை நீயாத்தானே குடுத்தே? அவங்க சுவரு, அவங்க எழுத்து. முதல் படத்தை நீ தெரிஞ்சே விட்டேன்னு எனக்குத் தெரியாதுன்னு நினைக்காதே. திங்கள்ல இருந்து தாள் வெட்டுற பிரிவுக்குப் போ.”

இரவுச் சாப்பாட்டுக்குக் கொழுந்தன் உட்காரவில்லை. நின்றபடியே அண்ணனிடம் சொன்னான்.

“நம்ம வீட்டுப் பாம்பு எங்க இருந்துச்சுன்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது. என் படம் இவங்க மேஜைக்குத்தான் போயிருக்கு, மேனேஜர் சொன்னாரு. அசிங்கப்படட்டும்னு விட்டிருக்காங்க.”

கணவன் தட்டிலிருந்து கையை எடுத்தான். “நிஜமா?”

“நிஜம்.”

“வேற யாராவது அனுப்பியிருந்தா?”

“போன் பண்ணிச் சொல்லியிருப்பேன்.”

“கேட்டீங்களாண்ணா? ஊர்ல போறவனுக்குச் சொல்வாங்களாம். எனக்குச் சொல்ல மாட்டாங்களாம்!”

“நீ மாடியில என்ன சொன்னேன்னு உங்கண்ணன்கிட்ட சொன்னியா?” என்றாள் அவள்.

கொழுந்தன் வாசல் பக்கம் பார்த்தான்.

“என்னடா சொன்னே?” என்று கேட்டான் கணவன். அவளே சொன்னாள். வார்த்தை மாறாமல், அவன் குரலிலேயே. யார் யார் நின்றார்கள் என்பதையும் சொன்னாள்.

கணவன் தட்டை ஓரமாகத் தள்ளினான். பிறகு மனைவியிடம்தான் முதலில் பேசினான். “இதை ஏன் என்கிட்ட சொல்லல?”

“சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?”

அவன் தம்பியின் பக்கம் திரும்பாமலே, “நீ வேற இடம் பாத்துக்கோ” என்றான்.

“கோபத்துல வந்துடுச்சுண்ணா. அதுக்காக என் பொழப்புல கை வைக்கலாமா? இன்னைக்கும் மேனேஜர் சொல்லித்தான் அங்க நிக்கறேன். இவங்க படத்தை என் படம்னு நூறு தடவை சொல்றேன். எனக்கு மட்டும் அது இனிக்குதா?”

“மன்னிப்புக் கேளு,” என்றான் கணவன்.

“அவங்க முதல்ல கேக்கட்டும்.”

“நான் கேக்க மாட்டேன்,” என்றாள் அவள்.

ஞாயிற்றுக்கிழமை கொழுந்தன் இரண்டு பெட்டிகளோடு கிளம்பினான். கடைக்குப் பக்கத்தில் உடன் வேலை செய்பவர்களோடு ஓர் அறை. வாசலில் அண்ணனிடம், “போயிட்டு வரேன்” என்றான். கைக்கெட்டும் தூரத்தில் நின்றவளைத் தாண்டிப் படியிறங்கினான். அந்த மாதம் கடையில் அதிகம் விற்றவன் அவன்தான் என்று பிற்பாடு காதில் விழுந்தது.

அவன் போன பிறகு மூன்றாவது அறையை அவள் பெருக்கவில்லை. கணவன்தான் பெருக்கினான். உடைந்த சீப்பு, ஒற்றைக் காலுறை, பழைய சார்ஜர் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கட்டினான். துடைப்பத்தைக் கதவுக்குப் பின்னால் வைத்துவிட்டு, சாப்பாடு வேண்டாம் என்று சொல்லிப் படுத்துக்கொண்டான். இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்தாள். அவன் திரும்பவில்லை.

அவள் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டாள். நல்ல பசி இருந்தது.