பெரிய எஞ்சின்

பிரான்சிலிருந்து லீவில் வந்த என் அண்ணன் றொகானுக்குப் பழைய கம்ப்யூட்டர் என்றால் உயிர். அவற்றைத் திருத்தி, மினுக்கி, யூடியூப்பில் காட்டுவதுதான் பொழுதுபோக்கு. காட்டுவதில் பாதி அவருடைய முகம்.

குருநகரில் என் தையல் கடையில் ஓர் எம்பிராய்டரி மெசின் இருக்கிறது. அதை ஓட்டுவது தொண்ணூறுகளில் வந்த ஒரு கம்ப்யூட்டர். பெட்டி மஞ்சள் பூத்துப்போனாலும் ஒருநாளும் என்னைக் கைவிட்டதில்லை. புனிதரின் படம் போட்ட எங்கள் சிற்றாலயத் திருநாள் கொடியை வழக்கமாகக் கொழும்பில்தான் தைப்பிப்பார்கள். பங்குத்தந்தையான சுவாமியிடம் கெஞ்சிக் கெஞ்சி இந்த முறைதான் எனக்குக் கிடைத்தது. சரிவந்தால் மற்றக் கோயில்களும் என்னைத் தேடி வரும். சறுக்கினால் கடையை மூட வேண்டியதுதான்.

கொடி பாதி முடிந்த நிலையில் அண்ணன் பெட்டியைக் கண்டார்.

"ஐயோ பிள்ளை, உது ஆமையெல்லோ! உதின்ரை எஞ்சினை மாத்தித் தாறன். சும்மா பறக்கும்."

எஞ்சினாம்! கம்ப்யூட்டரின் மூளையான சிப்பைத்தான் அப்படிச் சொல்கிறார். எங்கள் மீன்பிடிக் கரையில் பிறந்த ஆம்பிளைகளுக்கு எதைக் கண்டாலும் ஒரே புத்தி. சின்ன எஞ்சினைக் கழற்று, பெரிய எஞ்சினைப் பூட்டு. போட் தாங்குமா என்று ஒருத்தரும் கேட்பதில்லை.

"தொடாதேங்கோ அண்ணை. திருநாள் முடியட்டும்" என்றேன்.

அச்சுவேலியில் ஒரு செத்த வீடு. போய் நின்றுவிட்டு மறுநாள் பின்னேரம் வந்தால், மனுசன் வேலையை முடித்துவிட்டார். பெட்டி பளிச்சென்று வெள்ளை. உள்ளே நீலமும் சிவப்புமாய் லைட் வேறு. கம்ப்யூட்டரா, கலியாண வீடா என்று எனக்கு விளங்கவில்லை.

மெசினைப் போட்டேன். ஊசி பேய் பிடித்ததுபோல் குத்தியது. துணி நகர முன்னமே அடுத்த குத்து. ஊசி முறிந்து, புனிதரின் முகத்திலேயே கொடி கிழிந்தது. ஊசியை ஓட்டும் புரோகிராம் பழைய சிப்பின் மெதுவான வேகத்தை வைத்துத்தான் நேரம் பார்க்கிறது. சிப் விரைந்தால் ஊசியும் விரையும். பழசைத் திருத்துகிற மேதைக்கு இதுகூடத் தெரியவில்லை.

"பழைய சிப்பைத் திருப்பிப் பூட்டுங்கோ. புதுத் துணியிலை தைச்சு முடிக்கிறன்."

அவர் சட்டைக்குள் கையை விட்டுச் சங்கிலியை வெளியே இழுத்தார். அதில் தொங்கியது என் சிப். தங்கக் கால்கள் மினுங்க, நடுவில் சங்கிலிக்காகத் துளைத்த ஓட்டை. தட்டாரிடம் கொடுத்துப் பென்ரன் ஆக்கியிருக்கிறார்!

"வடிவா இருக்கெல்லே?"

"தூ!" என்றேன். வேறென்ன சொல்வது?

யாழ்ப்பாணம் முழுக்கப் போன் அடித்தேன். அப்படி ஒரு சிப் ஒருவரிடமும் இல்லை. கையால் தைத்துப் பார்த்தேன், முகம் வரவில்லை. அழுகையை விட ஆத்திரம்தான் வந்தது.

கொடியேற்றத்தன்று சனம் நிறைந்து நிற்க, போன வருடத்துச் சாயம்போன கொடிதான் ஏறியது. பூசை முடிந்ததும் சுவாமி என்னைக் கூப்பிட்டார்.

"ஏலாதெண்டால் முதலே சொல்லியிருக்கலாமே, ஜெனிற்றா."

நான் வாயைத் திறக்குமுன் அண்ணன் முன்னால் வந்து நின்றார்.

"குறை நினையாதேங்கோ சுவாமி. நான் திறமான சாமான் பூட்டிக் குடுத்தனான். உவளுக்குத்தான் பாவிக்கத் தெரியேல்லை."

சுவாமி அவருடைய தோளில் தட்டினார்.

"பரவாயில்லை. வாற வருசம் கொழும்பிலையே குடுப்பம். நீங்கள்தான் ஒருக்கா அவையளோடை கதைச்சுப் பாருங்கோ, றொகான்."