ராகு காலத்துக்கு முந்திக் கிளம்பிய கார்

வெள்ளிக்கிழமை காலை நல்லதம்பி அண்ணாச்சியின் கார் வீட்டிலிருந்து கிளம்பி, நாலு வீடு தள்ளி நின்றுவிட்டது. யாரும் பதறவில்லை. நிற்பதற்காகத்தான் அது கிளம்பியதே. பத்தரைக்கு ராகு காலம் பிறக்கிறது. ஆலங்குளத்தில் பெண் வீட்டாரோ பன்னிரண்டரைக்கு மேல் வந்து பூ வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் மேலகரத்தில் இதற்கு ஒரு வழி உண்டு. ராகு காலத்துக்கு முன்பே வீட்டைப் பூட்டி, வண்டியைத் தெருவில் கொஞ்ச தூரம் நகர்த்திவிட்டால் பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. அப்புறம் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் தெருவில் நிற்கலாம். பூட்டிய வீட்டை மட்டும் காரியம் முடியும்வரை திறக்கக் கூடாது.

அப்படித்தான் அண்ணாச்சியும் அவர் சம்சாரம் ஆவுடையம்மாள் மதினியும் பட்டும் ஜரிகையுமாக என் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து என் காபியைக் குடித்தார்கள். மாப்பிள்ளையாகப் போகிற மகன் குற்றாலிங்கம் செல்போனில் தலைமுடியைப் பார்த்துக்கொண்டிருந்தான். காரில் நாலாவது ஆளாக நானும் போகிறேன். என்னை விட்டுவிட்டுப் போனால் திரும்பி வந்து என்னிடம் முழுக் கதையையும் சொல்ல வேண்டியிருக்கும் என்று மதினிக்குத் தெரியும்.

கார் நின்றது எதிர்வீட்டு அனுசியா வாசலில். வேண்டுமென்றே நிறுத்தவில்லை. தெருவில் அங்கேதான் வேப்பமர நிழல்.

அனுசியா பெண்களுக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவள். போன வருஷம் அவளைச் சிவகிரியில் ஓர் உரக்கடைக்காரர் மகனுக்குப் பேசினார்கள். வழக்கம்போல அக்கம்பக்கத்தில் விசாரித்தார்கள். என்னிடம் கேட்டிருந்தால் நான் எவ்வளவோ சொல்லியிருப்பேன். நல்லதம்பி அண்ணாச்சியிடம் போய்க் கேட்டார்கள். "தங்கமான பிள்ளைதான், என்ன, அப்பப்ப வலிப்பு வரும்" என்றார் அவர். தென்காசித் தேரோட்டத்தன்று விரத வயிற்றோடு வெயிலில் நின்ற அனுசியா மயங்கி விழுந்தபோது, ஓடிப்போய் அவள் கையில் சாவிக்கொத்தைத் திணித்தவர் அவர்தான். முகத்தில் சோடா தெளித்ததும் அவள் எழுந்துவிட்டாள். ஆனால் இரும்பு கொடுத்துக் காப்பாற்றிய பெருமையை ஊர் முழுக்கச் சொல்ல வேண்டுமென்றால் வந்தது வலிப்பாகத்தானே இருந்தாக வேண்டும்?

சம்பந்தம் போனது. அதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். ஆனால் வலிப்பு வருகிறவள் பக்கத்தில் உட்கார்ந்து கார் பழக எந்தப் புருஷன் பெண்டாட்டியை அனுப்புவான்? பழக வந்தவர்கள் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். நெல்லைக்குப் போய்த் தலையை ஸ்கேன் எடுத்து, ஒன்றுமில்லை என்று படத்தோடு வந்தாள். படத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ள எங்கள் தெருவில் யார் இருக்கிறார்கள்? அவளுடைய சிவப்புக் கார் இப்போது பாதி நாள் சும்மா நிற்கிறது.

பதினொன்றரைக்கு எல்லோரும் ஏறினோம். குற்றாலிங்கம் சாவியைத் திருகினான். டிக் என்றது. மறுபடி திருகினான். டிக். வைப்பர் ஒருமுறை பாதி எழுந்து, யோசித்துவிட்டுப் படுத்துக்கொண்டது.

எனக்குக் காரணம் தெரியும். தெருவுக்கே தெரியும். அண்ணாச்சி காரை வாரத்துக்கு ஒருதரம்தான் மகனை எடுக்கவிடுவார். சும்மா நிற்கிற நாளில் பேட்டரி சார்ஜ் வீணாகுமாம். அதனால் கறுப்பு ஒயரைக் கழற்றி வைப்பார். எடுக்கும்போது குழந்தைக்குக் குல்லா மாட்டுகிற மாதிரி அதை மாட்டி, உள்ளங்கையால் இரண்டு தட்டு. நட்டை முடுக்க மாட்டார். அடுத்த வாரம் மறுபடி கழற்ற வேண்டுமே!

பானெட்டைத் திறந்து தட்டினார். உள்ளே விளக்கு எரிந்தது. சாவியைத் திருகியதும் செத்தது. அழுத்திப் பிடித்தார், திருகினார், ஆட்டினார். பட்டுச் சட்டையின் கையில் பச்சையும் வெள்ளையுமாகப் பொடி அப்பியதுதான் மிச்சம்.

"ஸ்பேனர எடுல" என்றார் மகனிடம்.

"வீட்டுக்குள்ள இருக்குப்பா."

மூன்று பேரும் பூட்டிய வீட்டைப் பார்த்தார்கள்.

"நான் வேணா தொறந்து எடுத்துட்டு வரட்டா?" என்றேன். உதவி செய்யத்தான் கேட்டேன்.

"வாயக் கழுவுங்க மதினி! பூ வைக்கக் கெளம்பிட்டு வீட்டத் தொறக்கவா?" என்று என் மேல் பாய்ந்தாள் ஆவுடையம்மாள். அவளுக்கு நானும் மதினிதான்.

மெக்கானிக் யஹ்யாவுக்குப் போன் போட்டார்கள். "அண்ணாச்சி, ஜும்மாவுக்குக் கெளம்பிட்டேன். தொழுதுட்டு ரெண்டு மணிக்கு மேல வாறேன்" என்றான். சாரல் காலம், வாடகைக் கார்கள் எல்லாம் அருவிப் பக்கம் கிடக்கின்றன. கிடைத்தாலும் ஏற்றிய தாம்பூலத் தட்டை வண்டி மாற்றக் கூடாதென்று மதினி அழத் தொடங்கிவிட்டாள்.

மேலேயிருந்து ஒரு ரம்புட்டான் தோல் வந்து பானெட்டில் விழுந்தது. அண்ணாந்து பார்த்தோம். அனுசியா மாடிச் சுவரில் சாய்ந்து பழம் உரித்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ.

"ஏட்டி அனுசியா, பத்தாம் நம்பர் ஸ்பேனர் இருக்கா?"

"இருக்கு மாமா." பழத்தை வாயில் போட்டாள்.

"எடுத்துட்டு வாயேம்மா. நேரமாவுது."

"அதான் யோசிக்கேன். எனக்குத்தான் வலிப்பு வருமே. பேட்டரில கை வச்ச நேரம் பாத்து வந்துட்டுன்னா? நல்ல காரியத்துக்குப் போறீய." கொட்டையைத் துப்பினாள். "நீங்க பக்கத்துல நின்னா பயமில்ல. கையில சாவியக் குடுத்துருவீய. ஆனா இன்னைக்கு உங்க சாவிக்கு வேலையே இல்லயே மாமா?"

சத்தம் கேட்டு வீட்டுக்கு வீடு வாசலில் ஆள் வந்துவிட்டது. கார் வகுப்பை நிறுத்தின கிறிஸ்டியும் ஷமீம் பானுவும் முன்வரிசையில் நின்றார்கள். அனுசியா அவர்களையும் பார்த்துவிட்டுத்தான் இறங்கி வந்தாள். கையில் ஸ்பேனர்.

"சிவகிரிக்கு ஒரு போன் போடுங்க. ஸ்பீக்கர்ல."

"அது முடிஞ்ச கதைலா தாயி?"

"முடிச்சது யாரு?"

அண்ணாச்சி மகனைப் பார்த்தார், மதினியைப் பார்த்தார். "போடுங்களேன், என்னத்த மசமசன்னு நிக்கீய" என்று மதினியே சொன்னதும் போனை எடுத்தார். மறுமுனையில் உரக்கடைக்காரர், "யாரு, மேலகரத்து அண்ணாச்சியா? பையனுக்குக் கல்யாணம் முடிஞ்சு மருமக மாசமா இருக்கா" என்றார் சந்தோஷமாக.

"நல்லது. அந்த அனுசியாப் பிள்ளைக்கு வலிப்பெல்லாம் கெடையாது. அன்னைக்கு வெயில்ல மயங்கிட்டா. நாந்தான்..."

"நாந்தான்?" என்றாள் அனுசியா.

"நாந்தான் இல்லாததச் சொல்லிட்டேன்."

"இதச் சொல்லவா கூப்ட்டீய?" அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்கள். கிறிஸ்டி தரையைப் பார்த்தாள். எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்துபோனது, ஐந்தருவியில் நின்ற மாதிரி.

அனுசியா உப்புத்தாளால் பூத்துக் கிடந்ததைச் சுரண்டி, ஒயரை மாட்டி, நட்டை முடுக்கினாள். ஒரே திருகில் கார் உறுமியது. மதினி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அப்போது அனுசியா சிவப்பு ஒயரை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"இதுவும் ஆடுது. நட்டு தேஞ்சிட்டு, மாத்தணும். வீடு திரும்புற வரைக்கும் ஆஃப் பண்ணாதீய. ஆக்சிலேட்டர்ல காலு இருக்கட்டும். நின்னுட்டுன்னா மறுபடி எடுக்குமான்னு நான் சொல்ல முடியாது."

பானெட்டை மூடிவிட்டு ஸ்பேனரோடு மாடி ஏறினாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். ஆடியது ஒயரா அவள் விரலா என்று எனக்கே தெரியவில்லை.

ஆலங்குளத்தில் பெண் வீட்டார் ஆரத்தித் தட்டோடு வந்தார்கள். நாங்கள் இறங்கினோம். குற்றாலிங்கம் இறங்கவில்லை. காருக்குள் உட்கார்ந்து மிதித்துக்கொண்டே இருந்தான். வேறு யாருக்கும் ஓட்டத் தெரியாது. "நின்னுட்டா சகுனம் போச்சு, எறங்கிராத" என்று மதினி வழிநெடுகச் சொல்லிவந்திருந்தாள். ஆரத்தியைக் கண்ணாடி வழியே சுற்றினார்கள்.

உள்ளே ஜமுக்காளத்தில் உட்கார்ந்தோம். வெளியே கார் குரல் ஏறுவதும் இறங்குவதுமாக உறுமியது. பெண்ணின் அத்தை மெல்ல, "மாப்பிள்ளை உள்ள வரலியா?" என்றாள்.

"வண்டில சின்ன ரிப்பேரு" என்றார் அண்ணாச்சி.

"ரிப்பேருன்னா இப்படி ஓடுமா?" அத்தை எழுந்து சன்னல் வழியே பார்த்தாள். இடுப்புக்குக் கீழே எதுவும் தெரியாதபடி உட்கார்ந்திருந்தான் மாப்பிள்ளை. அவள் திரும்பி வந்து என் காதோரம் குனிந்தாள். "நீங்க பக்கத்து வீடுதான? காலுல ஏதும் கொறை இருக்கோ?"

குனிந்து கேட்டாலும் கூடம் முழுக்கக் கேட்டது. அண்ணாச்சி என்னைப் பார்த்தார். அவர் அப்படி என்னை ஒருநாளும் பார்த்ததில்லை. நான் தம்ளரை எடுத்து ஊதினேன். காபி நல்ல சூடு. அவசரமாகக் குடிக்க முடியாது.

வாசலில் பெண், தட்டில் ஒற்றைக் காபியோடு நடந்துபோனாள். கார்க் கண்ணாடி பாதி இறங்கியது. ஒரு கை நீண்டது. புகையில் வேலியோரச் செம்பருத்திகள் நடுங்கிக்கொண்டிருக்க, பெண் தட்டைக் கொடுக்காமல் எட்டி, ஸ்டியரிங்குக்குக் கீழே அவன் காலைப் பார்த்தாள்.